புல்லுக்கும் உண்டு பட்டைக் குறி

திருப்பூரிலிருந்து வெளியூர் செல்லும் பனியன் பெட்டிகளின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பார்கோடு என்னும் பட்டைக் குறி. அதன் மீது சிவப்பு ஒளி படும்போது வெள்ளைப் பகுதி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்புக் கோடு உறிஞ்சிக்கொள்கிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கருவி ஓர் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணைக் கணிப்பொறியின் பட்டியலில் தேடினால், பெட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் ரகமும் அளவும் தெரிந்துவிடும்.

செடிகளை இப்படி அடையாளம் காண முடியுமா? தாவரவியலார் பெரும்பாலும் பூவையும் காயையும் பார்த்தே இனம் பிரிக்கின்றனர். பூக்காத காலத்தில் நெருங்கிய இனங்கள் இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு செல்லிலும் உள்ள டி.என்.ஏ. நான்கே வேதி 'எழுத்துகளால்' எழுதப்பட்ட நீண்ட நூல். அதில் ஒரு சிறு பத்தியை மட்டும் படித்து உயிரினத்தை அறியலாம் என்ற முறையைக் கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்தார். விலங்குகளுக்கு அவர் தேர்ந்த ஜீன் தாவரங்களில் மிக மெதுவாகவே மாறுகிறது. ஆகவே இனங்களைப் பிரித்துக் காட்டாது. எனவே 2009இல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று, இலையின் பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல், மேட்கே என்னும் இரு ஜீன்களைப் பரிந்துரைத்தது.

செய்முறை என்ன? இலைத் துண்டு ஒன்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, வேண்டிய பத்தியை மட்டும் பி.சி.ஆர். முறையில் நகலெடுக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் இரட்டிக்கும். முப்பது சுற்றில் ஒன்று எவ்வளவாகும்? கணக்கிட்டுப் பாருங்கள்: நூறு கோடிக்கும் மேல்! பிறகு எழுத்துகளின் வரிசையைப் படித்து, முன்பே தொகுத்த பட்டியலுடன் ஒப்பிடுகிறார்கள்.

நம் நொய்யலுக்குத் தாயகமான மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இதற்குச் சான்று உண்டு. அங்கு வாழும் இருளர், மலசர் மக்கள், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் புற்களிடையே வேறுபாடு கண்டிருந்தனர். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தினரும் தமிழக ஆய்வாளர்களும் அவற்றின் டி.என்.ஏ. பத்திகளைப் படித்தனர். மலைமக்கள் சொன்னது சரியே! டிரைபோகான் என்னும் பேரினத்தில் அதுவரை அறிவியல் அறியாத புல்லினம் ஒன்று இருப்பதை 2009இல் வெளியிட்டனர்.

ஒரு புல்லுக்குப் பெயர் கிடைப்பதால் என்ன பயன் என்கிறீர்களா? வேறொன்றின் பெயரில் மறைந்திருக்கும் இனத்தை யாரும் தனியே எண்ணுவதில்லை. எண்ணாததைக் காப்பதும் இல்லை. ஒரு மலையில் மட்டுமே வளரும் ஓரிடத் தாவரம் அங்கு அழிந்தால், உலகிலேயே அழிந்ததாகும்.

பட்டைக் குறி மட்டும் போதாது. மிக நெருங்கிய இனங்களில் இந்த ஜீன்கள் ஒன்றாகவே இருப்பதுண்டு. ஒப்பிடும் பட்டியலும் சரியாக இருக்க வேண்டும். அதற்குப் பெயர் உறுதி செய்யப்பட்ட உலர்தாவர மாதிரிகள் தேவை. கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இத்தகைய மாதிரிகளைப் பாதுகாத்து வருகிறது.

கருவி எழுத்துகளைப் படிக்கும். எந்தப் புல்லைப் படிக்க வேண்டும் என்று காட்டியது மலைமக்களின் கண்தான். அந்தக் கண்ணை நீங்களும் பழக்கிக்கொள்ளலாம் அல்லவா?