இறால் ஓட்டிலிருந்து பேட்டரிக்கு

பேட்டரி என்றாலே லித்தியம், கோபால்ட் என்று உலோகங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். இரு மின்முனைகளுக்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் மின்பகுளியை நினைப்பதே இல்லை. செல்போன் பேட்டரி எரியும்போது தீயை வளர்ப்பதில் அந்தத் திரவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானில் லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் என்னும் உப்பைக் கரைத்து அதைத் தயாரிக்கிறார்கள். ஈரம் பட்டால் அந்த உப்பிலிருந்து நச்சான ஹைட்ரஜன் புளோரைடு வெளிப்படும். அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால் போன்ற தாழ்வான கடலோர ஊரில், உடைந்த பேட்டரிகள் மழையில் நனைந்து கிடப்பதை அலட்சியமாக விட முடியாது.

மாற்றுக்கான மூலப்பொருளோ அதே கரையில்தான் கழிவாகச் சேருகிறது. இறாலின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு தலையும் ஓடும்தான். ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போய்விடும். காரத்தில் கொதிக்கவைத்தால் புரதம் கழன்றுவிடும். எஞ்சுவது கைட்டின். அதை அடர் காரத்தில் சூடாக்கினால் கைட்டோசன். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்திலேயே அது கரையும். கரைசலில் ஓர் உப்பைச் சேர்த்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உலரவைத்தால், மெல்லிய தாள் உரிந்து வரும். கைட்டோசனின் நைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்களைப் பற்றிப் பற்றி அயனிகள் அதனூடே நகர்கின்றன. பாலிமரும் உப்பும் இப்படி இணைவதை 1973-லேயே பாலிஎத்திலீன் ஆக்சைடில் காட்டிவிட்டார்கள். இப்போது அந்த இடத்துக்கு மண்ணில் மக்கும் பொருள்கள் வருகின்றன: கைட்டோசன், மரவள்ளி மாவு, கடற்பாசியின் அகார்.

வேகம் போதுமா என்பது நியாயமான கேள்வி. இத்தகைய உலர்ந்த தாள்களின் கடத்துதிறன் திரவ மின்பகுளியைவிடப் பல மடங்கு குறைவு. மின்சார ஸ்கூட்டருக்கு இவை இன்று உதவா. ஆனால் எல்லாச் சேமிப்புக் கலனும் ஸ்கூட்டரில் ஓடுவதில்லை. வயலில் ஈரம் அளக்கும் உணரிக்கும், மெதுவாக மின்னேறும் சூரிய விளக்குக்கும் அவ்வளவு வேகம் தேவையில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் 2022-ல் கைட்டோசன் கூழ்ம மின்பகுளியுடன் ஒரு துத்தநாக பேட்டரியைச் செய்து காட்டியது. ஆயிரம் சுற்றுகளுக்குப் பிறகும் அதன் செயல்திறன் 99.7 சதவீதம், மின்பகுளியோ மண்ணில் ஐந்து மாதத்தில் சிதைந்தது. மக்கும் பொருள் பேட்டரிக்குள்ளேயே மக்கிவிடாதா என்பார்கள். சிதைப்பது மண்ணின் நுண்ணுயிர்கள். அவை மூடிய கலத்துக்குள் நுழைவதில்லை. கடற்காற்றின் ஈரத்தை இந்தத் தாள் உறிஞ்சுவதுதான் உண்மையான சிக்கல். காரைக்காலுக்கேற்ற கலத்தை வடிவமைப்பவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது அதைத்தான்.

எனக்கு இதைவிடக் கனமாகப் படுவது வேறொரு மறுப்பு: ஓட்டைக் கழுவிய அமிலமும் காரமும் எங்கே போகும்? கால்வாயில் விட்டால் பசுமை என்ற பெயருக்கே பொருளில்லை. ஆகவே ஆளுக்கொரு கொட்டகையில் தயாரிக்காமல், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொதுக்கூடம் வேண்டும். அதற்கு வேதியியலும் மின்வேதியியலும் தெரிந்தவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள்: காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் என்.ஐ.டி., சில மணி நேரப் பயணத்தில் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். மின்பகுளி மக்கினாலும் துத்தநாகம் மக்காது. பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. மக்கும் மின்பகுளியைக் காரணம் காட்டி யாரும் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ இடம் தரக்கூடாது.