பெண் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் நாள்பட்ட வலி

பெண் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் மூன்று மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்கும் வலி, நாள்பட்ட வலி எனப்படும். பரிசோதனையில் தொற்று, தோல் நோய் போன்ற தெளிவான காரணம் எதுவும் காணப்படாதபோது அதனை மருத்துவர்கள் ‘வல்வோடைனியா’ என்று அழைக்கின்றனர். கண்ணுக்குப் புலப்படும் புண் இல்லை என்பதால் வலியும் இல்லை என்று பொருளாகாது. இது பிறருக்குத் தொற்றுவதன்று, புற்றுநோயுமன்று, தூய்மைக் குறைவாலோ தவறான நடத்தையாலோ வருவதுமன்று.

அறிகுறிகள்

எரிச்சல், குத்தல், மிளகாய் பட்டது போன்ற காந்தல் ஆகியவை முதன்மையானவை. சிலருக்கு வலி எப்போதும் இருக்கும். சிலருக்குத் தொடும்போதோ, தாம்பத்திய உறவின்போதோ, நெடுநேரம் அமரும்போதோ மட்டும் தோன்றும். வாலாஜாபாத், காஞ்சிபுரம் வட்டாரத்தில் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் பெண்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். தறி வேலை இந்நோயை உண்டாக்குவதாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும், இடைவிடாது அமர்ந்திருப்பது ஏற்கெனவே உள்ள வலியை மிகுவிக்கக்கூடும். அவ்வப்போது எழுந்து நடப்பதும், மென்மையான இருக்கையைப் பயன்படுத்துவதும் உதவும்.

பரிசோதனை ஏன் தேவை?

கூச்சத்தின் காரணமாகப் பலர் மருந்துக் கடையில் களிம்பு வாங்கி மாதக்கணக்கில் பூசுகின்றனர். பூஞ்சைத் தொற்றில் பெரும்பாலும் அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் இருக்கும். தொற்று இல்லாதபோது பூஞ்சைக் களிம்பு பயன் தராது. தோலை உறுத்தவும் கூடும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவர் அறிவுரையின்றி நெடுநாள் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

மருத்துவர் வெளிப்பகுதியைப் பார்வையிட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டு வலியுள்ள இடத்தை அறிவார். தேவைப்பட்டால் வெள்ளைப்படுதல் மாதிரி, இரத்தச் சர்க்கரை ஆகியவையும் பரிசோதிக்கப்படும். மணமாகாத பெண்களுக்கும் இவ்வெளிப் பரிசோதனையைச் செய்யலாம். பெண் மருத்துவரையோ, உடன் ஒரு செவிலியரையோ கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

சிகிச்சை முறைகள்

• அன்றாடப் பராமரிப்பு: வெளிப்பகுதியை வெறும் நீரால் மட்டும் கழுவவும். சோப்பு, கிருமிநாசினி, நறுமணப் பொருள் ஆகியவற்றைத் தவிர்க்கவும். தளர்வான பருத்தி உள்ளாடை அணியவும்.
• மரத்துப்போகச் செய்யும் களிம்பு: லிடோகெய்ன் களிம்பை மருத்துவர் கூறும் அளவில் பூசலாம்.
• மாத்திரைகள்: அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் குறைந்த அளவில் தொடங்கப்படும். மனநோய் என்று கருதி இவை தரப்படுவதில்லை. நரம்புகளின் வலி உணர்வைத் தணிக்கவே தரப்படுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். தூக்கக் கலக்கம், வாய் உலர்தல் ஏற்படலாம். தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. கர்ப்பமாக இருப்பின் முன்னரே தெரிவிக்க வேண்டும்.
• இயன்முறை சிகிச்சை: நீடித்த வலியால் இடுப்புத்தளத் தசைகள் இறுகிவிடக்கூடும். அவற்றைத் தளர்த்தும் பயிற்சியை இயன்முறை சிகிச்சையாளர் கற்பிப்பார். இறுக்கும் பயிற்சிகளைத் தாமாகச் செய்தால் வலி கூடலாம்.
• உளவியல் ஆலோசனை: வலியோடு வரும் அச்சத்தையும் உறக்கமின்மையையும் குறைக்க உதவும்.

பிற சிகிச்சைகள் பலனளிக்காத, வலி ஓரிடத்தில் மட்டும் உள்ள சிலருக்கே அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். ஒருவருக்குப் பொருந்தும் மருந்து மற்றவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகையால் முதல் மருந்து பயனளிக்கவில்லை என்று சிகிச்சையைக் கைவிட வேண்டாம்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

‘வெளியே ஒன்றும் தெரியவில்லையே’ என்ற சொல் நோயாளியை மேலும் தனிமைப்படுத்தும். வலியுள்ளபோது தாம்பத்திய உறவுக்கு வற்புறுத்தக் கூடாது. உறவைத் தவிர்ப்பது கணவர்மீது அன்பில்லாமையைக் காட்டுவதன்று. மருத்துவமனைக்கு உடன் செல்வதும், வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

உடனே மருத்துவரை அணுக வேண்டியவை

ஆறாத புண், கட்டி, கொப்புளம், தோலில் வெண்படை, மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, காய்ச்சல், சிறுநீர் கழிக்க இயலாமை.

எங்கு செல்வது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். அங்கிருந்து காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையின் மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ப் பிரிவுக்கோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரை பெறலாம். தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். வலி தொடங்கிய காலம், அதனைக் கூட்டுபவை, இதுவரை பூசிய களிம்புகள் ஆகியவற்றை எழுதி எடுத்துச் சென்றால், சொல்லக் கூச்சப்படுவதையும் மருத்துவர் அறிந்துகொள்ள இயலும்.