உஷார்! ஃபெயில் ஆன டெஸ்ட்டைச் சரிக்கட்டாதீர்கள்

போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்கள் கவனத்துக்கு. லினக்ஸில் பாஸ் ஆன டெஸ்ட் விண்டோஸிலோ மேக்கிலோ ஃபெயில் ஆனதும், அங்கே வந்த அவுட்புட்டையே எடுத்து, பெயரோடு ‘_1’ ஒட்டி எக்ஸ்பெக்டட் ஃபோல்டரில் போட்டுவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆபத்தான பழக்கம்.

டெஸ்ட்டை ஓட்டும் பிஜி_ரெக்ரெஸ் இந்த மாற்றுக் கோப்புகளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது தெரியுமா? 0 முதல் 9 வரை எண்ணிட்டவற்றில் எதனோடு பொருந்தினாலும் பாஸ் போட்டுவிடும். எந்த மெஷின் என்று பார்க்காது. விண்டோஸுக்காக நீங்கள் வைத்த விடை நாளை லினக்ஸில் தவறாக வந்தாலும் பாஸ்தான்! ஒரு பிளாட்பாரத்துக்கு மட்டுமே உரிய விடை என்றால் அதைத் தனிக் கோப்பில் வைத்து, எந்தப் பிளாட்பாரத்துக்கு என்பதை ரிசல்ட்மேப் கோப்பில் எழுதுங்கள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. டெஸ்ட்டில் வரிசை மாறி வந்தால் ‘சும்மா வரிசைதானே’ என்று விடாதீர்கள். 2018 ஆகஸ்டில் வந்த, லினக்ஸின் சி லைப்ரரியான கிளிப்சி 2.28 எழுத்துகளை அடுக்கும் விதிகளையே மாற்றியது. அமெரிக்க ஆங்கில லோகேலில் அதுவரை ‘11’க்குப் பின்னால் வந்த ‘1-1’, அதன்பின் முன்னால் வந்தது. டேட்டாவை அப்படியே வைத்துக்கொண்டு டெபியன் 9-லிருந்து 10-க்குப் போனவர்களின் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே நின்றன. டேபிளில் இருக்கிற வரி தேடினால் கிடைக்காது. யூனிக் நெடுவரிசையில் ஒரே மதிப்பு இரண்டு முறை ஏறும். எரர் எதுவும் வராது. டேட்டாபேஸின் டீஃபால்ட் கொலேஷன் மாறிவிட்டது என்று எச்சரிக்கும் வசதியே போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பில்தான் வந்தது. பிரைமரி ஒரு ஓஎஸ், ஸ்டாண்ட்பை வேறு ஓஎஸ் என்று ஓட்டினாலும் இதே கதிதான்.

டெஸ்ட்டை ஆல்பைன் கன்டெய்னரில் ஓட்டிவிட்டு புரொடக்‌ஷனை டெபியனில் வைத்திருக்கிறீர்களா? ஆல்பைனின் மஸல் லைப்ரரி பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். அங்கே பார்த்த வரிசை இங்கே வராது.

ஆகவே ஃபெயில் ஆனால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். ஆர்டர் பை இல்லாத குவெரி என்றால் சேருங்கள். அது இல்லாமல் எந்த வரிசைக்கும் உத்தரவாதம் கிடையாது. வரிசைமுறையைச் சோதிப்பது உங்கள் நோக்கம் இல்லையென்றால் கொலேட் ‘சி’ போதும். தசம எண்களின் கடைசி இலக்கம் முரண்டு பிடித்தால் ரவுண்ட் செய்து ஒப்பிடுங்கள்.

இன்றைக்கே எக்ஸ்பெக்டட் ஃபோல்டரைத் திறந்து, ஒவ்வொரு ‘_1’ கோப்பும் எந்தக் காரணத்துக்காக வந்தது என்று கமிட்டில் பாருங்கள். காரணம் எழுதியிருக்காவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஓஎஸ் மாற்றியவர்கள் ஆம்செக் எக்ஸ்டென்ஷனால் இண்டெக்ஸ்களைச் சோதித்து, டெக்ஸ்ட் நெடுவரிசைகளின் மேல் உள்ளவற்றை ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள்.