கடைசித் துளியின் கணக்கு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் தரம் பார்த்தல் சோதனையைச் செய்திருப்பீர்கள். கூம்புக் குடுவையில் 25 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் இரண்டு துளி பினாப்தலீன். மேலே பியூரெட்டிலிருந்து எரிசோடாக் கரைசல் இறங்குகிறது. வெகு நேரம் ஒரு மாற்றமும் இல்லை. திடீரென ஒரே துளியில் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பு! அந்த ஒரு துளிக்கு மட்டும் இத்தனை வலிமை எப்படி வந்தது?

அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியும் காரத்தின் ஹைட்ராக்சைடு அயனியும் இணைந்து நீராகின்றன. இதுவே நடுநிலையாக்கல். செறிவு தெரிந்த காரம் எத்தனை மி.லி. செலவாயிற்று என்பதைக் கொண்டு அமிலத்தின் அளவைக் கணக்கிடுகிறோம்.

இரண்டு கரைசல்களும் லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ளவை எனக் கொள்வோம். தொடக்கத்தில் அமிலத்தின் பி.எச். மதிப்பு 1. (இம்மதிப்பு ஓர் எண் உயர்ந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்தில் ஒரு பங்காகிறது, 7 என்பது நடுநிலை.) 22.5 மி.லி. காரம் சேர்த்து, பத்தில் ஒன்பது பங்கு அமிலம் தீர்ந்த பிறகும் பி.எச். 2.3 தான். 24.95 மி.லி.யில் அது 4, 25.05 மி.லி.யில் 10! ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி. ஆகவே, இரண்டே துளிகளில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கடைசித் துளி மற்றத் துளிகளைப் போன்றதுதான். எதிர்த்து நிற்க அமிலம் மிச்சமில்லை, அவ்வளவே.

பினாப்தலீன் 8.3க்கு மேல் சிவக்கத் தொடங்கும். மெத்தில் ஆரஞ்சு 3.1லிருந்து 4.4க்குள் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். இங்கே பாய்ச்சல் பெரிதாதலால் எதைப் பயன்படுத்தினாலும் விடை ஏறக்குறைய ஒன்றே.

ஆனால் வினிகரைச் சோதிக்கும்போது கவனம் வேண்டும். அதிலுள்ள அசெட்டிக் அமிலம் வலுக்குறைந்தது. பாதி நடுநிலையாகும்போதே பி.எச். 4.8ஐ எட்டிவிடும். மெத்தில் ஆரஞ்சோ அதற்கு முன்பே முழு மஞ்சளாகிவிடும். அதை நம்பினால், உள்ள அமிலத்தில் பாதிகூட இல்லை என்று முடிவு கட்டுவோம். நல்ல சரக்கை விற்றவர்மீது வீண் பழி விழும்! உண்மையான முடிவு நிலை 8க்கும் 9க்கும் இடையில் இருப்பதால் பினாப்தலீனே ஏற்றது.

இன்னொன்று: இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் நிலைத்தால் போதும். பின்னர் அது வெளுத்தால், காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்ததே காரணமாகலாம். பதறிப்போய் மேலும் ஒரு துளி விடாதீர்கள். பியூரெட்டின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.