லியூ எஞ்சினுக்கு எந்த நிறம் அடிப்பது?

அழிந்துபோன நீராவி எஞ்சினுக்குச் சின்ன மாதிரி செய்வதைப் பெரியவர்களின் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்குவது சுலபம். சரியாகச் செய்தால் அது வரலாற்று ஆய்வுதான். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1898 முதல் 1935 வரை ஓடிய லின்டன்–பார்ன்ஸ்டேபிள் ரயிலையே பாருங்கள். தண்டவாள இடைவெளி 597 மில்லிமீட்டர். நம் மீட்டர்கேஜில் ஐந்தில் மூன்று பங்கு. யோ, எக்ஸ், டா என்று ஆறுகளின் பெயர் தாங்கிய மூன்று எஞ்சின்கள் லீட்ஸ் நகரின் மானிங் வார்டில் கம்பெனி செய்தவை. பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் ஆர்டர்கள் தேங்கிக் கிடந்ததால், லின் என்ற நான்காவது எஞ்சின் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்து பூட்டப்பட்டது. ஐந்தாவதான லியூ 1925-இல் சேர்ந்தது. பாதை மூடியதும் ஏலம் விட்டார்கள். முதல் நான்கும் பழைய இரும்பாக உடைபட்டன. லியூ மட்டும் தண்டவாளம் பெயர்க்கும் வேலைக்கு உழைத்துவிட்டு, 1936-இல் பிரேசிலுக்குக் கப்பலேறியது. அதன்பின் என்ன ஆயிற்று என்பதற்கு உறுதியான தடயம் இல்லை.

இந்த லியூவுக்கு மாதிரி செய்ய உட்கார்ந்தால் முதல் கேள்வியே நிறம்தான். பாதை 1923-இல் சதர்ன் ரயில்வேயின் கைக்குப் போய்விட்டது. லியூ வந்தது இரண்டு ஆண்டு கழித்து. பழைய கம்பெனியின் வண்ணத்தில் லியூவைச் செய்து வைப்பவர், உலகத்தில் இல்லாத ஓர் எஞ்சினைச் செய்கிறார். சதர்னின் பச்சையும் 188 என்ற எண்ணும்தான் அதற்கு உரியவை. புகைப்படங்கள் போதாதா என்று கேட்கலாம். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது. வண்டியின் ஒரு பக்கத்தைக் காட்டி மறுபக்கத்தை மறைத்துவிடும். மாதிரி செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மறுபக்கத்தில் குழாய் எந்த வழியாகப் போனது என்பதையும் அவர் தீர்மானித்தே ஆகவேண்டும்.

மாதிரியும் பொய் சொல்கிறதே என்பது நியாயமான ஆட்சேபம். ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்ற அளவில் செய்தால் இந்தப் பாதையின் அகலம் எட்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கவேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பதோ ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளம். பலரும் அதில்தான் ஓட்டுகிறார்கள். உள்ளே கொதிகலனும் இல்லை, மின் மோட்டார்தான். ஆனால் இவை ஸ்கேல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் பிழைகள்; மறைத்து வைத்த பிழைகள் அல்ல. நிஜமான நெருப்பும் நீராவியும்தான் வேண்டும் என்பவர்களுக்காக, லியூவின் சாயலில் லிட் என்ற முழு அளவு எஞ்சினே வேல்ஸின் ஃபெஸ்டினியாக் பணிமனையில் உருவாகி 2010-இல் ஓடத் தொடங்கியது. மாதிரி செய்ய இறங்குபவர்கள் முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். பெயின்ட் டப்பாவை அப்புறம் திறக்கலாம்.