உங்களுக்குத் தெரியுமா? பத்துக் கோடி ஆண்டுச் சேற்றிலும் உயிர்!

டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் படிந்த கடலடிச் சேற்றிலிருந்து எடுத்த பாக்டீரியாக்கள், ஆய்வகத்தில் உணவு கிடைத்ததும் விழித்துப் பெருகின! தென் பசிபிக் பெருங்கடலின் நடுவே, உலகிலேயே உணவு மிக அரிதான கடற்பரப்பில், 2010இல் துளையிட்டு எடுத்த மண் அது. அதில் மிகப் பழைய படிவின் வயது 10.15 கோடி ஆண்டுகள். ஜப்பானிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, அடையாளமிட்ட கார்பனும் நைட்ரஜனும் கலந்த உணவைக் கொடுத்து, எந்தெந்த உயிரணு உண்டது என்று தனித்தனியே பார்த்தது. 2020இல் முடிவு வெளியானது: பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன.

மேலிருந்து பிற்காலத்தில் இறங்கிய உயிர்களாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் களிமண்ணின் துளைகள் பாக்டீரியாவைவிடச் சிறியவை. ஊர்ந்து வர வழியே இல்லை. உறங்கும் விதைபோன்ற வித்துகளா என்றால், எழுந்தவற்றில் பெரும்பாலானவை வித்து உண்டாக்கும் வகையே அல்ல. உணவும் அதை உண்ணும் உயிர்களும் குறைவாக இருந்ததால் மண்ணின் அடிவரை ஆக்சிஜன் தீராமல் மிஞ்சியது. அதுவே இவற்றைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆழ்கடல் நுண்ணுயிர்களில் உயிரோடிருப்பவை எவை என்று அறிய டி.என்.ஏ.வை மட்டும் படித்தால் போதாது. செத்ததன் டி.என்.ஏ.வும் மண்ணில் கிடக்கும்; எது உயிரோடிருக்கிறது என்பதை இப்படி உணவு கொடுத்து அறிய முடியும்.