ஆடாதோடை: வேலியில் நிற்கும் மருந்து

நெசவாளர் சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும்போது, தறிச் சத்தத்துடன் இருமல் சத்தமும் காதில் விழாத நாள் அரிது. தார் சுற்றும் தாய்மாரும், பாவு ஓட்டும் முதியவரும், தறிக்குழியில் நாள்முழுதும் குனிந்திருக்கும் இளைஞரும் நூலிலிருந்து பறக்கும் துகளைச் சுவாசித்தே பிழைக்கின்றனர். அதே ஊரின் கொல்லை வேலியில், ஒருவரும் ஏறிட்டுப் பாராத செடியொன்று வெண்ணிறப் பூக்களுடன் நிற்கின்றது. அதுவே ஆடாதோடை. அதன் பயனையும், அப்பயனுக்குரிய எல்லையையும் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

ஆடு தொடாத இலை என்பதால் ஆடுதொடா என்றும், ஆடாதோடை என்றும் பெயர் வந்ததாகக் கூறுவர். 1753-ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் லின்னேயஸ் இதற்கு இட்ட ‘ஜஸ்டீசியா அதடோடா’ என்னும் பெயரிலும் நம்நாட்டு வழக்கே ஒலிக்கின்றது. ஆயுர்வேதத்தில் இது ‘வாசா’ எனப்படும். வாசாவலேகம், வாசாரிஷ்டம் முதலிய மருந்துகள் இதைக் கொண்டே செய்யப்படுவன. சித்த மருத்துவத்தில் ஆடாதோடைக் குடிநீரும் மணப்பாகும் பெயர்பெற்றவை. பாடாத நாவையும் இது பாடவைக்கும் என்று நம் முன்னோர் சொல்லிவந்தது, கபத்தை நீக்கித் தொண்டையைத் திறக்கும் இதன் குணத்தைக் கருதியே ஆகும்.

இவ்வழக்கு வெறும் நம்பிக்கையன்று. இதன் இலையிலுள்ள ‘வாசிசின்’ என்னும் காரப்பொருளை 1888-இல் ஹூப்பர் என்பவர் பிரித்தெடுத்தார். அப்பொருளின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டே பிற்காலத்தில் ‘புரோம்ஹெக்சின்’ என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. ‘அம்ப்ராக்சால்’ அதன் வழிவந்தது. இன்று மருந்துக்கடையில் வாங்கும் இருமல் பானங்கள் பலவற்றில் இவ்விரண்டில் ஒன்று உண்டு. கெட்டிப்பட்ட சளியை இளக்கி வெளிக்கொணர்வதே இவற்றின் வேலை. ஆதலால், சளி கட்டி மார்பு கனத்த இருமலுக்கே ஆடாதோடை பெரிதும் உதவும்.

நன்கு கழுவிய இலைகளைச் சிறிதாக நறுக்கி, மிளகு சேர்த்து, எட்டில் ஒரு பங்காக நீர் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டித் தேன் கலந்து அருந்துவது வீட்டு முறை. கசப்பு மிகுதி. அளவு மிஞ்சினால் வாந்தியும் பேதியும் உண்டாகும். கருவுற்ற தாய்மார் இதனை அறவே தவிர்க்கவேண்டும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை இதற்கு உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலும் ஆகாது. சிறுவர்க்குரிய அளவை மருத்துவரைக் கேட்டே அறிக.

இனி, முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் யான் சென்ற ஒரு சங்கத்தில், நல்ல கைத்திறனுள்ள அங்கத்தினர் ஒருவரின் கூலிப் பதிவு மாதந்தோறும் குறைந்துவந்தது. விசாரித்தபோது, மூன்று மாதமாக இருமுவதாகவும், தவறாது ஆடாதோடைக் கஷாயம் அருந்துவதாகவும் சொன்னார். மாலையில் காய்ச்சல்; உடலும் மெலிந்திருந்தது. சங்கச் செயலாளர் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரியவந்தது. ஆறு மாதம் மாத்திரைகளை விடாது உட்கொண்டு, மீண்டும் தறியில் அமர்ந்தார். கஷாயம் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் அதை நம்பிக் கழித்த மூன்று மாதமே தீங்கு செய்தது. அவர் இல்லத்தில் இரு குழந்தைகளும் இருந்தனர் என்பதை நினைக்கவேண்டும்.

ஆகவே இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ தாமதமின்றிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மட்டும் மார்பு இறுகுமானால், அது பஞ்சுத் தூசியால் வரும் நோயாக இருக்கலாம். தூசியைக் குறைக்காமல் எந்த மூலிகையும் அதற்குத் தீர்வாகாது. பலகணிகளைத் திறந்துவைத்தலும், தரையை ஈரத்துணியால் துடைத்தலும், மூக்கையும் வாயையும் துணியால் மறைத்தலும் செலவில்லாத காப்புகள்.

விவசாய அங்கத்தினர்க்கும் இச்செடியால் ஆதாயமுண்டு. முற்றிய தண்டை நறுக்கி நட்டால் எளிதில் வேர்விடும். ஆடு கடிக்காததால் வேலிக்கு ஏற்றது. தழை வயலுக்கு உரமாகும். இலையிலிருந்து மஞ்சள் சாயமும் பெறலாம். எனினும், வாங்குவோரை உறுதிசெய்துகொள்ளாமல் நன்செய்யில் வேறு பயிரை நீக்கி இதை நடவேண்டாம். வேலியோரமும் தரிசுமே முதற்கண் போதும்.

மூலிகையும் கூட்டுறவும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. சென்னையில் 1944-இல் நாட்டு மருத்துவர்கள் ஒன்றுகூடி நிறுவிய ‘இம்ப்காப்ஸ்’ ஒரு கூட்டுறவுச் சங்கமே. தனித்தனியே மருந்து செய்யத் திணறியவர்கள் சேர்ந்து செய்தபோது தரமும் விலையும் நிலைபெற்றன. நம் சங்கங்களும் கட்டடத்தைச் சுற்றி ஆடாதோடை வேலி அமைக்கலாம். ஆண்டுக்கொருமுறை சுகாதார நிலையத்தாரை அழைத்து அங்கத்தினர் அனைவருக்கும் மார்புச் சோதனை நடத்தலாம். வேலியில் செடியும் பதிவேட்டில் சோதனை நாளும் இருக்குமானால், தறிச் சத்தம் மட்டும் கேட்கும் ஊர்களை நாம் காணலாம்.